இடப்பக்கம் இழுக்கும் கார்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று கார் பழக்கும் பாடங்கள் நான்கு. மக்கோவன் றோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காரின் முன்பக்கம் மறுபடியும் ‘டொக்’ என்றது. ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். “அது கார். நீங்கள் றோட்டைப் பாருங்கோ” என்றேன்.

கராஜ் மரியோ ஏப்ரலிலேயே சொன்னவன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் இருக்கிறது. புஷ் என்பார்கள். இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டதாம், இடப்பக்கம் கூடுதலாம். “இப்ப ஓடலாம் அக்கா. கனகாலம் விடாதேங்கோ. இந்தக் காரை இன்னும் எவ்வளவு காலத்துக்கு வச்சிருக்கப் போறியள்?” என்று கேட்டான்.

அதைத்தான் நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது. அடுத்த கோடையோடு கார் பழக்குவதை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. காருக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு பேருமாக ஒன்றாய் ஓய்வெடுக்கலாமே, பிறகு புது ரப்பர் எதற்கு? றோயிடம் சொன்னேன். கட்டின மனுசன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, “நீரும் காரும் எழும்பேக்கை ஒரே சத்தம்தான்” என்றார். முப்பது வருடம் ஒன்றாய் இருந்தால் இப்படித்தான் மரியாதை கிடைக்கும்.

செப்டம்பர் 10, புதன்

யோகராணியின் பாடம். நாற்பத்தாறு வயது. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை. இதுவரை பஸ்ஸில் போய்வரக்கூடிய வீடுகள் மட்டும்தான். மார்க்கம் நகரத்தில் நிரந்தர வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம். ஆனால் லைசன்ஸ் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை ரெஸ்ற்றில் ஃபெயில். வருகிற கிழமை மூன்றாவது.

ஆள் கட்டை. றோட்டு தெரிய வேண்டும் என்று வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட மெத்தை கொண்டுவந்து சீற்றில் போட்டுத்தான் உட்காருவாள். இன்று சிக்னலில் நிறுத்தும்போது கார் இடப்பக்கம் போனது. இங்கே இடப்பக்கம் என்றால் எதிரே கார் வருகிற பக்கம்.

“பிறேக் பிடிக்கேக்கை கார் இழுக்குது அக்கா.” மூன்று மாதமாக இதே கதைதான்.

“கார் இழுக்கேல்லை ராணி. உங்கட கைதான் இழுக்குது. தோளைத் தளர விடுங்கோ.”

நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இடம் மாறி உட்கார்ந்து நானே ஓட்டிக் காட்டினேன். ஐந்து முறை பிறேக் பிடித்தேன், ஐந்து முறையும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. “பாத்தீங்களோ?” என்றேன். “ஓம் அக்கா” என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

ஃபெயில். பிறேக் பிடிக்கும்போது கோட்டுக்குள் நிற்கவில்லை, இரண்டு இடத்தில். ராணி என் காரில் ரெஸ்ற் ஓடிவிட்டுக் கொண்டுவந்த தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. “கையைப் பற்றி எத்தினை தரம் சொன்னனான்?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. “எனக்கு வராது அக்கா. இதோடை விடுவம்.” இறங்கிப் போய்விட்டாள். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதுவும் அந்த நேரத்தில்.

செப்டம்பர் 19, வெள்ளி

பூப்போட்ட மெத்தை பின்சீற்றில் கிடக்கிறது. ராணிக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நடாஷாவுக்குப் பாடம். பதினெட்டு வயது, இங்கே பிறந்த பிள்ளை, சுயிங்கம் மென்றபடியே அழகாக ஓட்டுவாள். சிக்னலில் நிற்கும்போது அவளுடைய கைகளைப் பார்த்தேன். ஸ்ரியறிங்கை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். ஏன் என்று கேட்டேன்.

“பிறேக் பண்ணினா லெஃப்ற்றுக்குப் போகுமெல்லோ அன்ரி. சோ நான் கொஞ்சம் ரைற்றுக்குப் பிடிப்பன். பழைய கார் எல்லாம் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.”

அடுத்த சிக்னல்களிலும் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலைப் பூசை முடிந்து எல்லோரும் போனபின் கோயில் கார் நிறுத்துமிடம் வெறுமையாக இருந்தது. கொஞ்ச வேகத்தில் போய், ஸ்ரியறிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டு பிறேக்கை மிதித்தேன்.

இடப்பக்கம் போனது. மறுபடி செய்தேன். இடப்பக்கம். மறுபடியும் — இடப்பக்கம்.

ஐயோ ஜோசப்பின், என்ன வேலையடி செய்தனீ? அந்த மனுசி வாய் திறந்து சொன்னவ, கார் இழுக்குது எண்டு. மூண்டு மாசமாச் சொன்னவ. நீ கேட்டனியோ?

என்னைப் பழக்கியது றோய்தான், தொண்ணூற்றைந்தில். கத்திக் கத்தியே பழக்கினார். ஒருநாள் மார்க்கம் றோட்டும் எக்ளின்ரனும் சந்திக்கிற இடத்தில் காரை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். பெண்களுக்குக் கத்தாமல் பழக்க வேண்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கத்தவில்லை, அது உண்மை. காது கொடுக்கவும் இல்லை. எது மோசம்?

இந்தக் கிழமைப் பாடங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

மரியோ காரை உயர்த்தி, ஒரு கம்பியை நெம்பிக் காட்டினான். இடப்பக்க ரப்பர் சுற்றிவரக் கிழிந்துபோய் இருந்தது, என் சுண்டுவிரல் உள்ளே போனது. பிறேக் பிடித்தால் அந்தச் சக்கரம் பின்னுக்கு நகருகிறதாம், அதனால்தான் இழுக்கிறதாம். “நான் ஏப்ரலிலை சொன்னனான் அக்கா” என்றான், மெதுவாகத்தான். பிறகு அதே கேள்வி. எவ்வளவு காலத்துக்கு? “இதோடை கழிச்சு விட்டாலும் பிழையில்லை. ஆணியெல்லாம் பனிக்கு றோட்டிலை போடுற உப்புக்குத் துருப்பிடிச்சுப்போச்சு. ரெண்டு நாள் மினக்கெட வேணும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று காரை அங்கேயே விட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மனதில் வந்ததை வந்தபடி எழுதுகிறேன், இங்கேயும் பொய் எழுதினால் பிறகு எங்கே உண்மை எழுதுவது?

முதலில் வந்த எண்ணம்: காரைக் கழித்துவிட்டு ஓய்வெடுத்துவிடலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

இரண்டாவது இதைவிட மோசம். சத்தமில்லாமல் புஷ்ஷை மாற்றிவிட்டு ராணியைக் கூப்பிடலாம். கார் நேராக நிற்கும். “பாத்தீங்களோ, கை படிஞ்சிட்டுது” என்று சொல்லலாம். அவள் எனக்கே நன்றி சொல்லுவாள். இதை நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, மதியம் முழுக்க யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

மரியோவுக்குப் போன் பண்ணினேன். “எவ்வளவு காலமோ தெரியாது தம்பி. ஓடுமட்டும் நேரா ஓடவேணும். ரெண்டு பக்கமும் மாத்து.”

ஒக்ரோபர் 1, புதன்

கார் கிடைத்தது. புஷ் இரண்டும் புதிது, சக்கரங்களையும் நேர்பார்த்துத் தந்திருக்கிறான். பள்ளத்தில் இறக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை. சந்தோஷமாக மக்கோவனில் வந்து சிக்னலில் பிறேக் பிடித்தேன். கார் வலப்பக்கம் போனது.

திரும்பப் போய் மரியோவை ஏசத்தான் நினைத்தேன். அடுத்த சிக்னலில் கையை லேசாக வைத்துப் பார்த்தேன். நேராக நின்றது. அடுத்ததில் வழக்கம்போலப் பிடித்தேன். வலப்பக்கம்.

கார் இல்லை, என் கை. எத்தனை மாதமாக எனக்கே தெரியாமல் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தேனோ. அன்றைக்கு ஐந்து முறை நேராக நிறுத்திக் காட்டியது இந்தக் கைதான்.

ஒக்ரோபர் 2, வியாழன்

மெத்தையை எடுத்துக்கொண்டு ராணி வீட்டுக்குப் போனேன். பதினான்காவது மாடி. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன் — ஏப்ரலில் மரியோ சொன்னது, நான் விட்டது, நடாஷா, கோயில் வளவு. “நீங்கள் சொன்னதுதான் சரி ராணி. கார்தான் இழுத்தது. ரெஸ்ற்றிலும் அதுதான்.”

கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, “நான் டொக்டரிட்டையும் போனனான் அக்கா” என்றாள்.

“என்னத்துக்கு?”

“கைக்கு. நரம்பிலை ஏதும் வருத்தமோ எண்டு. ரத்தமெல்லாம் எடுத்தவை. என்ர வேலையே ஆக்களைத் தூக்கிப் பிடிக்கிறது. கை சரியில்லாட்டி நான் என்ன செய்யிறது?”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மெத்தையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ என்று எங்கள் ஆட்கள் பகைவருக்கும் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

றோயிடம் சொன்னேன். பகிடி விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. “எக்ளின்ரனிலை நீர் இறங்கி நடந்த அண்டைக்கு, நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க வேணும்” என்றார். முப்பது வருடம் கழித்து. பரவாயில்லை, வந்ததே.

ஒக்ரோபர் 9, வியாழன்

ராணியின் குறுஞ்செய்தி: “சனி பத்து மணிக்கு வரலாமோ?” வேறொன்றும் இல்லை.

ஒக்ரோபர் 11, சனி

வந்தாள். மெத்தையைப் போட்டாள், கண்ணாடியைச் சரிபார்த்தாள், எடுத்தாள். முதல் சிக்னல், நேராக. இரண்டாவது, நேராக. ஆறேழு சிக்னலுக்குப் பிறகு ஸ்ரியறிங்கில் இருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. “றோட்டைப் பாருங்கோ” என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். சிவப்பு விளக்குத்தானே, பார்க்கட்டும்.

நவம்பர் 13, வியாழன்

பாஸ்.

தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்கள் என்றேன். “இல்லை அக்கா. இண்டைக்கு நான் இருந்து பாக்கிறன்” என்று மற்றப் பக்கம் ஏறி, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தக் கை இன்னும் முழுதாய்த் திருந்தவில்லை. ஃபிஞ்ச் சிக்னலில் பிறேக் பிடித்தபோது கார் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தது. ராணி என்னைப் பார்க்காமல், முன்னால் றோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“தோளைத் தளர விடுங்கோ அக்கா.”

விட்டேன். கார் நேராக நின்றது.

அவளுடைய கட்டிடத்தின் வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்தவள் உடனே இறங்கவில்லை. “மேலை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றாள்.

போனேன்.