மூன்றாவது ‘முடியாது’

பிப்ரவரி 9

கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். என் கணவர் ஃபின்டன் இறந்துவிட்டார் என்றதும் போனை எடுத்த பெண் ரொம்ப வருத்தப்பட்டாள். அதே மூச்சில், “அப்ப பாலிசியும் இந்த மாசத்தோட முடியுதும்மா. கிளெய்ம் இல்லாததுக்கான சலுகையும் அவர் பேர்லதான இருந்துச்சு” என்றாள்.

இத்தனை வருஷமும் ஓட்டியது நான். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே அபூர்வம். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். அதைச் சொன்னேன்.

“பாலிசில நீங்க வெறும் ‘கூட ஓட்டுறவங்க’தாம்மா. தனியா எடுத்தா எங்க கணக்குல புது டிரைவர். எழுபத்தெட்டு வயசுல புது டிரைவர நாங்க எடுக்கிறதில்ல.”

புது டிரைவர்! நான்!

பிப்ரவரி 12

இன்னொரு கம்பெனி. வயதைக் கேட்டார்கள், சொன்னேன். பாட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டு முடிந்ததும் முடியாது என்றார்கள்.

பிப்ரவரி 15

டப்ளினிலிருந்து கோர்மக் பேசினான். “காரை வித்துட்டு இங்க வந்துடும்மா. தோட்டத்து அறை சும்மாதான கெடக்கு.”

வியாழக்கிழமை மட்டும் பஸ் வரும் ஊர் இது. கார் போனால் வீடும் போகும். பெற்ற பிள்ளைக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறான். அந்த அறையில் இப்போது புல்வெட்டும் இயந்திரம் குடியிருக்கிறது.

பிப்ரவரி 17

கல்லறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஏங்க, ஆம்பளை பேர்ல இருந்தாத்தான் மலிவுன்னு சொல்லிச் சொல்லியே ஒரு தடவைகூட என் பேரைப் போடலையே! இப்ப நான் யார்கிட்ட போய் நிக்க?

மழை பிடித்துக்கொண்டது. பாதியில் திரும்பினேன்.

பிப்ரவரி 20

டவுனில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் டிம்ப்னாவைப் பார்த்தேன்.

“அட்ராக்டா, மூணு கம்பெனி முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டா, முதல்ல முடியாதுன்னவன் ஏதாவது ஒரு விலை சொல்லியே ஆகணும். இங்க அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. உனக்கு ரெண்டு கெடச்சாச்சு, அதை எழுத்துல வாங்கிக்கலாம். இன்னும் ஒண்ணுதான்.”

இதுவரை சரி என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். இனிமேல் முடியாது என்று சொல்லச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

பிப்ரவரி 23

மூன்றாவது கம்பெனி. கடவுளே, என்ன மரியாதை! பரிசீலிக்கிறார்களாம்.

“தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயசு. புது டிரைவர். எங்க ரோட்டுல ஆடு படுத்திருக்கும். மழை விடவே விடாது. முடியாதுன்னு எழுதித் தொலையேன்!”

“நம்பிக்கைய விட்டுடாதீங்கம்மா” என்கிறான்.

பிப்ரவரி 26

தபாலில் ஒன்றுமில்லை. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று கோர்மக்கிடம் கேட்டேன். கேட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது.

பிப்ரவரி 27

முடியாதாம்! கையெழுத்தோடு! தபால்காரர் ஃபெர்கலைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், லாட்டரி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு போகிறார்.

மார்ச் 4

மாதம் பிறந்ததிலிருந்து கார் வாசலில் சும்மா நிற்கிறது. இன்று முதல் கம்பெனி விலை சொல்லிவிட்டது. பகல் கொள்ளை.

டிம்ப்னா, “வயசு குறைஞ்சவங்க ஒருத்தரக் கூட ஓட்டுறவரா சேத்தா குறைப்பாங்க. உன் மகன் பேரப் போடேன்” என்றாள்.

போட்டேன். பாலிசி என் பேரில். கூட ஓட்டுபவர் கோர்மக். இப்போதும் கொள்ளைதான், ஆனால் தாங்கக்கூடிய கொள்ளை.

மார்ச் 14

கோர்மக் வந்திருக்கிறான். சர்ச்சுக்குக் கிளம்பும்போது சாவிக்குக் கையை நீட்டினான். “நான் ஓட்டுறேம்மா. எனக்கும்தான் உரிமை இருக்கே.”

“இருக்கு. எங்கிட்ட கேட்டுட்டுத்தான். இன்னைக்கு இல்ல.”

முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினான். முதல் வளைவில் ஆடுகள். நான் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் அவன் கால் தரையை அழுத்தி மிதித்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ரோடு மங்கலாகத் தெரிய, ஓரமாக நிறுத்தினேன்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. உங்கப்பாவும் அங்கதான் மிதிப்பார்.”

அவன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடுகள் போனதும் வண்டியை எடுத்தேன். தோட்டத்து அறையைப் பற்றி இன்று அவன் பேசவில்லை.