மிஞ்சின இடியப்பமும் சிவப்புத் துணியும்

ஸ்பிரிங்வேல்,
ஞாயிறு காலை

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. சிட்னியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், பொங்கலுக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லையே. உன்னைக் கேட்காமல் உன் கலியாணக் குறிப்பை யோகராணி அன்ரிக்கு அனுப்பினது என் பிழைதான், அவர் அதை வாட்ஸ்அப்பில் அரை மெல்பேணுக்கும் அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை. பயப்படாமல் வாசி, இந்தக் கடிதத்தில் மாப்பிள்ளை யாரும் இல்லை.

விசயம் என்னவென்றால் உன் அம்மா இப்போது ஆர்ட்டிஸ்ட். சிரிக்காதே. இங்கே நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் தையல் வகுப்பு, பிளவுஸ் தைக்கப் பழகலாம் என்று போனால், படிப்பிக்கிற ஜிங் என்ற சீனப் பெண் பிளவுஸ் பக்கமே போகவில்லை, துணியில் பெண்களின் கதைகளைத் தைக்கிறவர். நாற்பத்தொரு வயது, கலியாணம் முடிக்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, முதல் நாளே கேட்டுவிட்டேன். மூன்றாவது வகுப்பு முடிய, அடுத்த முறை லெஃப்ட்ஓவர் பற்றித் தைப்போம், உங்கள் வீட்டிலிருந்தும் கொண்டுவாருங்கள் என்று இங்கிலீசில் சொன்னார். நானும் முதல்நாள் மிஞ்சின இடியப்பத்தை உதிர்த்து லீக்ஸ், கரட், முட்டை போட்டு ஒரு பெட்டி நிறையக் கொத்துச் செய்துகொண்டு போனேன். மற்றவர்கள் கையில் பழைய படங்களும் கலியாணக் கார்டுகளும், என் கையில் கொத்து. ஜிங் கதிரையிலிருந்து விழப் பார்த்தார், அவ்வளவு சிரிப்பு, ஏன் என்று தெரியாமலே நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு எல்லோரும் கொத்தைச் சாப்பிடச் சாப்பிட அவர் விளக்கினார். சீனாவில் இருபத்தேழு தாண்டியும் கலியாணம் முடிக்காத பெண்ணை அந்தச் சொல்லால்தான் சொல்வார்களாம், மிஞ்சினவள் என்று. அவருடைய அம்மா சனி ஞாயிறுகளில் ஷாங்காய்ப் பூங்கா ஒன்றில், மகளின் வயது, உயரம், சம்பளம் எழுதின தாளைக் குடையில் குத்திக்கொண்டு மாப்பிள்ளை தேடி நிற்பாராம். அந்தத் தாளை ஜிங் எழுத்துக்கு எழுத்துச் சிவப்புப் பட்டில் தைத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் கையிலிருந்த கொத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் யோகராணிக்கு அனுப்பினதும் அதேதானே, இங்கே நிரந்தரமாக இருக்கப் பிஆர் உண்டு என்று ஒரு வரி கூட, வயதில் இரண்டு குறைவு. வெட்கமாகப் போய்விட்டது தாட்சா.

பிறகு ஜிங், அந்த மாதிரித் தாளில் வராத விசயங்களை மட்டும் வைத்து ஒரு பெண்ணைத் தைக்கச் சொன்னார். யாரை என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் கூறைச் சேலையில் ஒரு முழம் வெட்டினேன், அப்பா கண்டுவிட்டு, முப்பத்தாறு வருசம் கழிச்சோ விவாகரத்து எண்டு கேட்டார். மஞ்சள் நூலால் தைத்தேன், இவள் எந்தப் பாட்டையும் பிழையான சொற்களோடுதான் பாடுவாள், ஆஸ்பத்திரி வார்டில் யாரும் இறந்தால் காருக்குள் இருந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள், பல்லிக்குப் பயம், அம்மாவுக்குப் பயமில்லை என்று.

இப்போது அது நூலகச் சுவரில் தொங்குகிறது, கீழே இங்கிலீசிலும் எழுதியிருக்கிறார்கள். நான் நாளுக்கு இரண்டு தரம் போய், யாரோ தைத்ததைப் பார்க்கிற மாதிரி நின்று பார்க்கிறேன். போன கிழமை கோயிலடிப் பத்மா அன்ரி அதை வாசித்துவிட்டு, இந்தப் பிள்ளையை என்ர மகனுக்குக் கேக்கலாமோ எண்டு கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது, பாடுபட்டு மூடினேன். அது பிள்ளையின்ர விசயம், நான் அதுக்குள்ள இல்லை எண்டு சொன்னேன். உன் குறிப்பை எல்லா இடத்திலும் அழிக்கும்படி யோகராணிக்கும் சொல்லிவிட்டேன், அவருக்குக் கோபம், இருக்கட்டும்.

துணி இந்த மாதம் முடியும்வரை அங்கே இருக்கும். வந்தால் சந்தோசத்தில் துள்ளுவேன், வராவிட்டால் போனையாவது எடு. இரவு வேலை முடிந்து நித்திரைக் கலக்கத்தில் கார் ஓடாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

வழக்கமாக இந்த இடத்தில், கெதியில் உனக்கு ஒரு நல்ல இடம் அமைய ஆண்டவன் அருள வேண்டும் என்று எழுதுவேன். பேனை தன்பாட்டில் அங்கேதான் போனது, பாதியில் வெட்டிவிட்டேன், அந்தக் கிறுக்கலைப் பார்த்திருப்பாய். நீ நன்றாக இரு, பிள்ளை. அவ்வளவுதான்.

உன் அன்பு அம்மா,
ரஞ்சினி