பால் ஆகாத இரண்டு வயிறு

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் மறுபடியும் என் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

நம் வீட்டில் நம் இரண்டு பேருக்கும்தான் பால் ஆகாது. அரை டம்ளர் குடித்தாலே வயிறு உப்பிக்கொள்ளும். நீங்கள் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் எல்லோரும் டீ குடிக்கும்போது உங்களுக்கு மட்டும் பாலில்லாத வரக்காப்பி வரும். அதனால்தான் மலத்தில் ரத்தம் தெரிந்தபோதும், "டீக்கடையில பாலைக் கலந்துட்டாங்களாட்ட இருக்குது" என்று சொல்லி விட்டுவிட்டீர்கள். அண்ணி கெஞ்சியும் கேட்கவில்லை. ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பெருங்குடல் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள்.

அதைக் கேட்ட அன்றைக்கே உங்களுக்கு என் நினைப்பு எப்படி அண்ணா வந்தது?

"அம்மிணி, உனக்கும் என்னையாட்டவே பால் ஆகாது. நீயும் போய்ப் பாத்துக்கோ."

"எனக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. எங்க கம்பெனியில ஷிப்மென்ட் நேரம், துணி செக்கிங்ல ஆளில்லீங்க."

"நீ பாத்துட்டு வந்தாத்தான் நான் மருந்து ஏத்திக்குவேன்."

நர்ஸ் வந்து கூப்பிட்டும் நீங்கள் கையை நீட்டவில்லை. அண்ணி அழுதார். வேறு வழியில்லாமல் நான் டாக்டரிடம் போய்ப் பால் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பால் செரிக்காதது பரம்பரையா, மரபணுவில வர்றதுங்க. நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு வளர்ந்தப்புறம் செரிக்காது. அதுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்குதான்னு ஆராய்ச்சி நடக்குது, உறுதியாச் சொல்ல முடியலீங்க. ஆனா கூடப்பிறந்தவருக்கு இவ்வளவு சின்ன வயசுல வந்திருக்குதே, அதுக்காகவே நீங்க பாத்தாகணும்."

பார்த்தார்கள். உள்ளே ஒரு சதை வளர்ந்திருந்தது. எனக்கு வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் புற்றுநோயாக மாறியிருக்கலாம் என்று சொல்லி அப்போதே எடுத்துவிட்டார்கள்.

ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். "நாஞ் சொல்லல? எல்லாம் பாலுதான்!" என்று சிரித்தீர்கள். அது இல்லையாம் என்று டாக்டர் சொன்னதை விளக்கினேன். "என்னமோ போ. எடுத்தாச்சில்ல?" என்றீர்கள். பிறகுதான் நர்ஸிடம் கையை நீட்டினீர்கள்.

அந்த மருந்து உங்களைக் காப்பாற்றவில்லை. நீங்கள் நினைத்த காரணமும் சரியில்லை. ஆனாலும் இன்றைக்கு நான் இருக்கிறேன் அண்ணா. இதற்கு எப்படி நன்றி சொல்வது? இருக்கும்போதே இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கலாமோ?

இங்கே எல்லோரும் நலம். தயிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, தினமும் சாப்பிடுகிறேன். செக்கிங்கில் என்னோடு நிற்கிற பிகார்ப் பெண் ஒருத்தி, மலத்தில் ரத்தம் போகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். உடம்புச் சூடு என்று சும்மா விடாமல் கையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். வெறும் மூலம்தான். இரண்டு பேரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

உங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நடையில் அப்படியே நீங்கள்தான். அவளும் ஒரு வயதுக்குமேல் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், பயமில்லாமல் கேட்டுக்கொண்டாள். அந்த நாள் வரும்போது அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்ததும் பார்க்கிற முகம் என் முகமாக இருக்கும்.

உங்கள் பிடிவாதத்தால் பிழைத்திருக்கும் தங்கச்சி,
செல்வி