கம்ப்யூட்டர் தாய்மாமன்

நவம்பர் 11, 2025

காலையில் சென்னையிலிருந்து சினிமாக் கம்பெனி மேனேஜர் ஜீவா போன் செய்தார். எனக்கென்று பேசிவைத்திருந்த தாய்மாமன் வேடத்துக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டார்களாம். யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆளே இல்ல சார். ஏஐ."

பஞ்சாயத்துத் தலைவர், பெண்ணின் பெரியப்பா, வில்லன் பின்னால் நின்று முதலில் சாகிறவன் – எல்லாம் நடித்துப் பார்த்தாகிவிட்டது. எத்தனையோ பேரிடம் வாய்ப்பைப் பறிகொடுத்திருக்கிறேன். இல்லாத ஆளிடம் பறிகொடுப்பது இதுதான் முதல் தடவை. அவருக்குச் சாப்பாடு வேண்டாம், ரூம் வேண்டாம். நாலு வார்த்தை திட்டலாம் என்றால் அவருக்கு அம்மாகூட இல்லை.

சாரதாமணியிடம் மட்டும் சொன்னேன். கேட்காமலே காப்பி கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக இரண்டு தடவை கேட்டால்தான் என் மனைவியிடமிருந்து காப்பி வரும்.

நவம்பர் 14

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து ஜனம் திரையில் ஒருவனைப் பார்த்தால் முதலில் கேட்பது எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்றுதான். ஊர் பேர் தெரியாதவனுக்கு இங்கே பெண்ணும் கொடுக்க மாட்டார்கள், கண்ணீரும் விட மாட்டார்கள். படம் வரட்டும். அதன் பிறகு ஜீவாவே கூப்பிடுவார். கூப்பிட்டால் உடனே எடுக்கக் கூடாது.

டிசம்பர் 2

ஏற்க மாட்டார்கள். எப்படி ஏற்பார்கள்?

ஜனவரி 23, 2026

படம் வந்துவிட்டது. அடுத்த மாதம் என் தங்கை மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதையெல்லாம் போட்டுவிட்டு, சாரதாமணியையும் தங்கை ராசாத்தியையும் கூட்டிக்கொண்டு நாமக்கல் தியேட்டருக்குப் போனேன். படம் பார்க்க அல்ல, ஜனங்கள் கத்துவதைப் பார்க்க.

அந்தக் காட்சி வந்தது. தாய்மாமன் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் தகட்டுப் பட்டம் கட்ட வேண்டும். இந்த மகானுபாவர் என்ன செய்கிறார்? பெண்ணுக்கு முன்னால் மண்டி போடுகிறார். எந்த ஊரில் தாய்மாமன் மண்டி போட்டுப் பட்டம் கட்டினான்? நின்றபடி கட்டிவிட்டு நேராகப் பந்திக்குப் போகிறவன்தானே தாய்மாமன்? இப்போது விசிலடித்துக் கேலி செய்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டது மூக்கை உறிஞ்சும் சத்தம். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சாரதாமணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கல்லாக இருந்தாள். அவளுக்கு ஒரு கோயிலே கட்டலாம்.

வெளியே வந்ததும் ராசாத்தி கேட்டாள்: "அந்த மாமனா வந்தவரு எந்த ஊருங்ண்ணா? நம்ம பக்கத்து ஆளாட்டவே இருக்குதுங்க."

அது ஆளே இல்லை, கம்ப்யூட்டர் செய்த பொம்மை என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"இருந்துட்டுப் போவுதுங்ண்ணா. என்னமா அழுவறாரு."

ஜனவரி 27

சலூனில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அந்த மாமா சேந்தமங்கலத்துக்காரராம். அவருடைய பெரியப்பா மகனோடு இவர் படித்தாராம். நல்லது. ஊர் கிடைத்துவிட்டது, சொந்தமும் கிடைத்துவிட்டது. குலதெய்வம் ஒன்றுதான் பாக்கி.

ஜீவா கூப்பிடவில்லை.

பிப்ரவரி 8

புதுச்சத்திரம் மண்டபத்தில் தனப்பிரியா கல்யாணம்.

பட்டத்தை எடுத்து நெற்றியில் வைக்கும்போது பிள்ளை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. எனக்குப் பிள்ளை இல்லாத குறையைத் தீர்த்தவள் அவள்தான். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். நடிப்பில்லை. மூக்கு ஒழுகி, வாய் கோணி, பார்க்கச் சகிக்காத அழுகை. இத்தனை வருஷத்தில் எந்த டைரக்டருக்கும் அப்படி அழுததில்லை.

வீடியோக்காரன் நவீன்குமார் கேமராவை இறக்கினான். "மாமா, இது செட்டாவலீங்க. அந்தப் படத்துல வர்ற மாமனாட்டம் மண்டி போட்டு ஒருக்காப் பண்ணிருங்க."

சடங்கு நடத்தும் அருமைக்காரர் சின்னண்ணனைப் பார்த்தேன். வெற்றிலையில் காம்பு திரும்பியிருந்தாலே சத்தம் போடுகிற மனுஷன். இவனை ஒரு பிடி பிடிப்பார் என்று நினைத்தேன்.

"போடுங்க மாப்ள," என்றார். "படத்துல போட்டாரல்லங்க."

ஆக, கைவிட்டுப் போன வேடம் கடைசியில் எனக்கே வந்தது. கட்டிய பட்டத்தை அவிழ்க்கக் கூடாது என்பதால், மண்டி போட்டு, கட்டுவதுபோல் கையை வைத்துக்கொண்டேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இருந்ததெல்லாம் முதல் தடவையிலேயே போய்விட்டது. ஆனாலும் மண்டபமே கை தட்டியது. அப்படியே அந்தாளாட்டமே பண்ணுகிறாரே என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு நேரில் கிடைத்த முதல் கைதட்டல் இது. அதுவும் அந்தாளுக்கு விழுந்தது.

பிப்ரவரி 9

முட்டி வீங்கிவிட்டது. அந்தாளுக்கு வீங்கியிருக்காது.

மார்ச் 15

ராசாத்தி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்த்தோம். நான் மண்டி போடுகிறேன். உதடு நடுங்குகிறது. இரண்டு கண்ணிலிருந்தும் கண்ணீர் கோடு போட்டாற்போல் இறங்குகிறது. மூக்கு சுத்தமாக இருக்கிறது.

வாசலுக்கு வந்து நவீன்குமாருக்குப் போன் போட்டேன்.

"கண்ணீர் இல்லாம மொட்டையா இருந்துச்சுங்க மாமா. அதான் ஏஐல கொஞ்சம் போட்டுட்டனுங்க. நல்லாருக்குதுங்களா?"

முதலில் அழுதேனே, அது எங்கே என்றேன். நன்றாக வரவில்லை என்று அன்றைக்கே அழித்துவிட்டானாம்.

உள்ளே வந்தால் சாரதாமணி அழுதுகொண்டிருக்கிறாள். தியேட்டரில் கல்லாக இருந்த சாரதாமணி. தங்கை வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பந்தியில நின்னுட்டனுங்க. நீங்க இப்படி அழுததைப் பாக்காமப் போயிட்டன். நல்லவேளை, இதுலயாச்சும் பாத்தன்."

கண்ணைத் துடைக்க என் துண்டை அவளிடம் கொடுத்தேன்.

"இன்னொருக்காப் போடச் சொல்லுங்க," என்றாள்.

போடச் சொன்னேன்.