கறுத்துப்போன பில்லும் நீ போட்ட கையெழுத்தும்

சிவகாசி,
16-8-2025, சனிக்கிழமை.

அன்பு மகன் பைசலுக்கு அம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட் வெயிலில் உன்னையும் ருமானாவையும் பிள்ளைகளையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே உன் அத்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்குக் கோபம் கட்டுக்குள் இல்லை. புதன்கிழமையிலிருந்து நீ கூப்பிட்ட நான்கு போனையும் நான் எடுக்கவில்லை. தூங்குகிறாள், தொழுகிறாள் என்று உன் அத்தா சொன்னதெல்லாம் பொய், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் நீ பேசுவாய், நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே வர முடியாது. கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் உடனே போய்விடுமே என்று உன் தங்கை தஹ்மீனா போனில் சொன்னாள். அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய் என்று சொல்லிவிட்டேன்.

தஹ்மீனாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, கால் வீங்குகிறது. அடுத்த வாரம் சாத்தூருக்குப் போய் அவளைக் கூட்டிவர வேண்டும், கார் இல்லாததால் பஸ்ஸிலா ஆட்டோவிலா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஆய்வு நடக்கிறதென்று பாதிப் பட்டாசுக் கம்பெனி அடைத்துக் கிடக்கிறது, ஓடுகிற கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் லேபிள் நாளைக்கே வேண்டுமாம். சீசன் நேரம், நம் லேமினேஷன் மெஷின் இரண்டும் ஓடுகின்றன, அடித்து முடித்த கட்டைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. அச்சங்குளத்து லோடை நேற்று மினி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இதெல்லாம் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அந்தக் கார் எனக்கு ஊர் சுற்ற வாங்கியது இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ முதலிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் விருதுநகர் சர்வீஸ் சென்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். விடுவதற்கு முந்தின நாள், புஸ்வாணப் பெட்டிக்கு ஒட்டுகிற பொன்நிற நட்சத்திர லேபிள் ஒன்றை ஆயில் ஃபில்டரின் அடியில் ஒட்டி வைத்திருந்தேன். சந்தேகத்தில் செய்யவில்லை, பழக்கம். நம் தொழிலில் கட்டு மாறிவிடாமல் இருக்க மூலையில் ஒரு அடையாளம் வைப்போம் இல்லையா, அப்படித்தான். ஆயில் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம் என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து லோடு ஏற்றுகிற மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் நட்சத்திரம் ஒட்டிய இடத்திலேயே மின்னிக்கொண்டிருக்கிறது. மறுநாளே போய்க் கேட்டேன். அங்கே மேனேஜராக இருக்கிற மணிகண்டராஜ், பையன்கள் மறந்திருப்பார்கள், அடுத்த தடவை பார்த்துச் செய்வோம் என்றார். மறந்துபோனது ஃபில்டரை மட்டும்தான், பில் போட மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நானே மாற்ற ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு வருடமாக லேமினேஷன் மெஷினின் கியர் பாக்ஸுக்கு ஆயில் மாற்றியவள், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, மெக்கானிக் வராத நாட்கள்தான் சொல்லித் தந்தன. எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரோடு வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். சொன்ன ரகத்து ஆயில், சொன்ன தூரத்துக்குள், பில்லோடு மாற்றியிருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டுக் கெட்டால் வாரண்டி இல்லை என்று இருக்கிறது. சொந்தக்காரரோ வேறொருவரோ மாற்றக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. மணிகண்டராஜிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன், புத்தகத்தில் போட்டிருந்தால் சரிதான் என்றார். அதை எழுதித் தாருங்கள் என்றதற்குச் சிரித்தார். இன்ஜினை ஐந்து நிமிடம் சூடாக்கி, அடி போல்ட்டைக் கழற்றி, கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டு, போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட்டு, புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவிக் கையால் முறுக்கி, இப்படி மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வடித்த ஆயிலில் ஒரு சிறு பாட்டில் எடுத்து, பழைய ஃபில்டரையும் அதன் டப்பாவிலேயே போட்டு, தேதியும் மீட்டர் எண்ணும் எழுதிய லேபிளை ஒட்டி அலமாரியில் வைத்தேன். நீ லீவில் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "நீங்க ஏம்மா காருக்கு அடியில போயிப் படுக்கீக, பாக்குறவுக என்ன நெனைப்பாக" என்றாய். பார்க்கிறவர்கள் நினைப்பதை வைத்து இன்ஜின் ஓடுவதில்லை பைசல்.

போன மாதம் வெம்பக்கோட்டை ரோட்டில் போகும்போது மீட்டருக்குப் பக்கத்தில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, கூடவே தட்டுகிற சத்தம். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டேன். ஆறவிட்டு ஆயில் அளக்கிற குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் நிற்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு போய் விருதுநகரில் விட்டோம். மணிகண்டராஜ் ஆயில் மாற்றிய மெக்கானிக் யார் என்று கேட்டார், நான்தான் என்றேன். இல்லம்மா, மெக்கானிக் பேரைச் சொல்லுங்க என்று மறுபடியும் கேட்டார். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் நான் என் பெயரையே சொன்னேன். பிறகு பில் கேட்டார். கொடுத்தேன். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, எக்ஸ்ரேயா?" என்றார். அங்கே இருந்த பையன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இதுவரை உன் அத்தாவிடம்கூடச் சொன்னதில்லை. கடையில் இப்போது தருகிறார்களே, வழுவழுப்பாக ஒரு தாள், அந்த பில் எழுத்து நாளாக ஆக மங்கும் என்று கேள்விப்பட்டேன். மங்கக் கூடாதென்று ஏழு மாதத்துக்கு முன்னால் மூன்று பில்லையும் வரிசையாக வைத்து நம் மெஷினிலேயே லேமினேட் போட்டேன். இந்த ஊரில் எதைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றாலும் அதைத்தானே செய்வோம், உன் பத்தாவது மார்க் ஷீட், அத்தாவின் ரேஷன் கார்டு, எல்லாம் நான் போட்டதுதானே. உருளையின் அந்தப் பக்கம் வெளியே வந்தபோது மூன்றும் கரி. அந்தத் தாளில் மை கிடையாதாம், சூடு பட்ட இடமெல்லாம் கறுக்குமாம். சூட்டில் தாளை ஒட்டியே பிழைத்தவளுக்கு அது தெரியவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் வேறு பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மெகருன்னிசா லேமினேட் போட்டு பில்லைக் கருக்கிவிட்டாள் என்று பஜாரெல்லாம் பேசுவார்களே என்ற வீம்பு. சாய்த்துப் பிடித்தால் எழுத்து லேசாகத் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஃபைலில் வைத்தேன். நீ கேட்டபோதும் பில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அது என் தவறு. மணிகண்டராஜ் உனக்கு போன் போட்டு, உங்கள் அம்மா கறுப்புத் தாளைக் கொண்டுவந்து காட்டுகிறார் என்று சொன்னபோது நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நினைத்ததை என்னிடம் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி.

சிரித்தார்களே, அன்று மதியமே சிவகாசிக்குத் திரும்பி ஆயில் கடை அய்யாதுரையிடம் போனேன். அவன் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் மூன்றையும் எடுத்து, கார் நம்பரோடு, நல்ல தாளில் அடித்து, சீல் குத்திக் கொடுத்தான். "ஏன்க்கா, இதை அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேன்ல" என்றான். அதையெல்லாம் வைத்துக் கார் கம்பெனியின் தலைமை ஆபீஸுக்குப் பதிவுத் தபால் போட்டேன். நீ அதையும் வேண்டாம் என்றாய். பதினைந்து நாளில் பதில் வந்தது, புதன்கிழமை மதுரையிலிருந்து இன்ஜினியர் ஒருவர் விருதுநகர் சர்வீஸ் சென்டருக்கே வந்தார். வயதில் உன்னைவிடச் சிறியவர்தான். என் பாட்டில்களை ஒவ்வொன்றாக விரலில் தொட்டுப் பார்த்தார், ஃபில்டரை அறுத்துப் பார்த்தார், இன்ஜினின் அடியைத் திறந்து ஆயில் பம்பைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். பிறகு மணிகண்டராஜ் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "ஆயில்ல ஒரு குத்தமும் இல்லைம்மா, நல்லாவே மாத்தியிருக்கீங்க. பம்பு வார்ப்புலயே கோளாறு, இது கம்பெனி பாத்துக்க வேண்டியது" என்றார். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒரு மனுஷன் என் வேலையைப் பார்த்துவிட்டு நல்லது சொன்னான். அந்த வார்த்தை என் காதில் இருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை. மணிகண்டராஜ் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மஸ்கட்டிலிருந்து நீ மெயிலில் அனுப்பியதாம், அதன் அடியில் உன் கையெழுத்து.

இங்கிலீஷில்தான் இருந்தது. எல்லாரும் நிற்க நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், அவர்கள் காத்திருந்தார்கள். உரிய பயிற்சி இல்லாத நபர் பராமரித்ததால் இன்ஜின் கெட்டது, வாகன உரிமையாளர் இதை ஒப்புக்கொள்கிறார், பாதிச் செலவைத் தருகிறார். தேதி எட்டு. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசி, கார் விஷயத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாயே, வீட்டில் என்ன சமையல் என்றும் கேட்டாயே, அப்போது அந்தக் கையெழுத்துக்கு இரண்டு நாள் வயது. சொந்தக்காரரே ஒத்துக்கொண்ட பிறகு நான் என்ன எழுதுவது என்று இன்ஜினியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அறுத்த ஃபில்டரை ஸ்வீட் கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சொன்னதற்கு உன் அத்தா, பையன் பிரச்சினை வேண்டாமென்று செய்திருப்பான் என்றார். அவர் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். பிரச்சினை வேண்டாமென்று நீ கொடுத்தது பணத்தை மட்டும் இல்லை. கார் உன் பெயரில் இருக்கிறது, அதனால் அந்தக் கையெழுத்து உன் உரிமை. நான் செய்த வேலை கெட்ட வேலை என்று எழுதிக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த இன்ஜினியர் பின்னாலேயே வந்து ஒன்று சொன்னார். விவரம் தெரியாமல் கையெழுத்திட்டேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று உரிமையாளர் கைப்பட எழுதி, இந்த மாதம் முடிவதற்குள் வந்தால் தன் ரிப்போர்ட்டை அதோடு சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். அந்த வாசகத்தைத் தமிழில் நான் எழுதியிருக்கிறேன், தஹ்மீனா இங்கிலீஷில் எழுதிச் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள், இரண்டும் இந்த உறையில் இருக்கின்றன. அய்யாதுரை கொடுத்த பில் நகலும் இருக்கிறது. கறுத்துப்போன அந்த லேமினேட் தாளையும் வைத்திருக்கிறேன், அதை நீயே வைத்துக்கொள், நான் உன்னிடம் மறைத்தது அது ஒன்றுதான். நீ எழுதி அனுப்பினால் கார் ஓடும். எழுதாவிட்டால் பாதிச் செலவு கட்டி எடுத்தாலும் நான் அதைத் தொட மாட்டேன், உன் அத்தா வேண்டுமானால் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

தண்ணீர் நிறையக் குடி. ருமானாவின் இடுப்பு வலிக்குக் கட்டிலை மாற்று, மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்காதே. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, படித்துவிட்டுத்தான் போட்டாய் என்றால் அதையும் எனக்கு எழுது. அல்லாஹ் உன் ரிஸ்கில், நீ சம்பாதிக்கிற சோற்றில், பரக்கத் செய்யட்டும், உன் வாக்கைக் கனமாக வைக்கட்டும். மாதம் முடிய பதினைந்து நாள் இருக்கிறது, கூரியர் ஐந்து நாள் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உரிய பயிற்சி இல்லாத நபர்,
உன் அம்மா,
ச. மெகருன்னிசா.