முத்துவடிவு கடைக்குப் போன கூட்டம்

ஐந்தருவி
ஆடி 12

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எழுந்து நடமாடுகிறார், காய்ச்சல் விட்டும் மூட்டுவலி விடவில்லை.

அவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் தென்காசி பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தோம். மருந்துக்குக் காசு கேட்கவில்லை, ஆனால் சாரல் விழுந்து அருவியில் கூட்டம் நெரிந்த அந்த ஒன்பது நாளும் நம் பழக்கடை பூட்டிக் கிடந்ததே, அதை யார் தருவார்? ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையோடு அழுகிவிட்டன. பக்கத்துக் கட்டிலில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், படுத்த நாளுக்கெல்லாம் அவருக்குக் கூலி இல்லை, பார்த்துக்கொள்ள வந்த பெண்டாட்டிக்கும் பீடி சுற்றுகிற கூலி போயிற்று. வார்டு முழுக்க இப்படித்தான், நாடு முழுக்க எத்தனை வார்டோ.

உன்னிடம் மறைத்து என்ன, திரும்பி வந்து எதிர்க்கடை முத்துவடிவைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வருஷா வருஷம் நம்மிடம் வாங்குகிற கேரளா வேன்காரர்கூட அவளிடம் நிற்கிறார். கடைக்குப் புதுத் தார்ப்பாய், புதுத் தராசு. நலம் விசாரித்து அவள் சிரித்ததும் எனக்குக் குத்தலாகவே பட்டது. என் வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் கட்டிக்கொடுக்கிற பைகளையே மூன்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று கொசுப்புழு பார்க்கிறவர்கள் வந்தார்கள். கேட்காமலே அவள் கடையின் பின்பக்கத்தைக் காட்டிவிட்டேன். அங்கே பொட்டுத் தண்ணீர் இல்லை. நம் கடைக்குப் பின்னால் போட்டிருந்த தெர்மாகோல் பெட்டிகளில்தான் மழைத்தண்ணீர் நின்று புழு நெளிந்தது, அபராதச் சீட்டு எனக்கு. ஆத்திரத்தில், எங்கள் காய்ச்சலில்தானே உனக்குத் தார்ப்பாய் வந்தது என்று அவளிடம் கேட்டுவிட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

“போன சீசன்ல எனக்கும் இதே காச்சல்தான் யக்கா, மூணு வாரம் கடை அடைச்சுக் கெடந்துச்சுல்லா. எங்கிட்ட வர்ற கூட்டமெல்லாம் அப்ப எங்க போச்சுன்னு நெனச்சிய?” என்றாள்.

நம் கடைக்குத்தான் வந்தது. போன சீசன் லாபத்தில்தான் உனக்கு விமான டிக்கெட் எடுத்தோம். அவள் ஏன் வரவில்லை என்று நான் ஒருநாள்கூட விசாரித்ததில்லை. பெட்டிகளைக் கவிழ்த்தேன், மிச்சத்தை அவளும் வந்து கவிழ்த்தாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்று காலையும் வேன் அவள் கடையில்தான் நின்றது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடாதே. பேரனுக்குக் காய்ச்சல் கண்டால் நீயாக மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் காட்டு. மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
தங்கத்தாய்