கடைசிக் கண்ணியில் ஓர் அடி குறைவு

3.7.2025, வியாழன்

அடுத்த சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் கவிதை நயம் பேசும் வேலையை, வட்டத்தை நடத்தும் நடராஜா சார் என் தலையில் கட்டிவிட்டார். கவிதை நம் சம்சியாவுடையது: 'தோளில் இரு வானவர்'. எதிர் வீடு. நான் கல்யாணமாகி பாக்கார் ஆராங் ஊருக்கு வந்த நாள் முதல் சிநேகிதி. எழுதுவாள் என்று இப்போதுதான் தெரியும், கள்ளி!

4.7.2025, வெள்ளி

லீவு. சமையலுக்கும் லீவு.

"வலத்தோள் வானவர் வாழ்த்தி எழுதுவார்
நலத்தை எல்லாம் நயமாய் எழுதுவார்"

வலத்–நலத், எதுகை. வ–வா–வா, மோனை. எழுதுவார்–எழுதுவார், இயைபு. முதல் கவிதையிலேயே இவ்வளவா! தோளில் இருக்கும் இரு வானவர், அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள். அருமையான உருவகம். கண்டுபிடித்த என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் கண்ணிக்கு நான்கு அடி, கடைசிக் கண்ணியில் மட்டும் மூன்று. மூன்றாம் அடி "இடத்தோள் வானவர் எழுதுகோல் எடுப்பார்" — அவ்வளவுதான், கீழே வெற்றிடம். சும்மா இருக்கவில்லை நான். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "பிள்ளைகளை வானவராக்கிய உருவகம் நன்று. கடைசிக் கண்ணியில் ஓர் அடி குறைவு. யாப்புப் பிழை. கவிஞர் கவனிக்க."

5.7.2025, சனி

சம்சியா குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

7.7.2025, திங்கள்

காலையில் கேட்டில் பார்த்துச் சிரித்தேன். பார்க்காத மாதிரி காடியில் ஏறிப் போய்விட்டாள். பிழையைச் சொன்னால் இவ்வளவு கோபமா? இல்லை, எல்லார் முன்னாலும் சொன்னதாலா? ரோட்டைத் தாண்டினால் அவள் வாசல். அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாயில்லையா?

9.7.2025, புதன்

மதியம் நாசி கண்டார் சோறு வாங்குகிற சாக்கில் அவள் வீட்டுக்காரர் காஜா மைதீன் அண்ணன் கடைக்குப் போனேன்.

"என்னம்மா குணா, எங்க பிள்ளைங்கள வானவராக்கிட்டியாமே? அதுங்க வானரம் லா!"

சிரித்து முடித்துத்தான் சொன்னார். "அது உருவகம் இல்லம்மா. எங்களுக்கு மெய்யாவே தோளுக்கு ஒரு மலக்கு, அதான் வானவர். வலது பக்கத்தவர் நல்லத எழுதுவாரு, இடது பக்கத்தவர் தப்ப எழுதுவாரு. ஆனா ஒடனே எழுத மாட்டாரு. மன்னிப்பு கேக்குறாங்களான்னு கொஞ்ச நேரம் காத்திருப்பாருன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்த நேரத்தத்தான் அவ காலியா விட்டிருக்கா."

கவிதையின் உச்சமே அந்த வெற்றிடம்தான். அதைப் போய் யாப்புப் பிழை என்று... ஐயோ குணசுந்தரி, உனக்கு நயம் ஒரு கேடா?

"சனிக்கிழமை வருவாளாண்ணே?"

"வரமாட்டேங்குறா. பாப்போம்."

12.7.2025, சனி

வந்தாள். கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

எதுகை, மோனையெல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டேன். இரண்டு மலக்குகளையும் சொன்னேன். கடைசிக் கண்ணியில் "எழுதுகோல் எடுப்பார்" வரை வாசித்து நிறுத்தினேன். மிச்ச விளக்கம் கையில் தாளாக இருந்தது, வாசிக்க வரவில்லை. நான் மறந்துவிட்டதாக நினைத்து நடராஜா சார் கனைத்தார்.

"சம்சியா, எல்லார் முன்னாலயும் அவசரப்பட்டு எழுதிட்டேன். மன்னிச்சுக்கடி."

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். அவள் கட்டிய கையைப் பிரித்தாள்.

"விடு குணா. இடது பக்கத்துல இன்னும் எழுதல."